கத்தல் கடைசி

போனை இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க மேடம். என் குரல் பாதி காத்தாப் போயிடும், அப்புறம் போட்டுக் கேட்டா ஒண்ணும் புரியாது. உட்காருங்க. அந்த ஸ்டூல்லயே உட்காரலாம், கிறீச்சுன்னு சத்தம் வராது. நாலு காலுக்கும் ரப்பர் போட்டிருக்கேன். நானே தேடிப்போய் வாங்கிப் போட்டது. இந்த டப்பிங் தியேட்டர்ல ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து பேசலாம்னு கொண்டு வந்ததே இந்தப் புஷ்பலீலாதான். அதையும் குறிச்சுக்கோங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். சங்கத்துல குறைகேட்புக் குழு. என் மேல புகார். தாரணின்னு ஒரு பொண்ணு, இருபத்தாறு வயசு, அவ குரலை நான் வேணும்னே கெடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நிஜம்னு நீங்க முடிவு பண்ணினா என் இன்சார்ஜ் வேலை போயிடும். இனிமே எந்தத் தியேட்டர்லயும் ஏற முடியாது. சரிதானே? தலையாட்டாதீங்க மேடம், தலையாட்டினா போன்ல பதியாது. சரின்னு வாயால சொல்லுங்க. ம்.

டேய் ஜெரால்டு, அந்த ஏசியை நிறுத்து. உஸ்ஸுன்னு இழுக்குது. ஜெரால்டு எங்க சவுண்ட் இன்ஜினியர், பத்து வருஷமா என்கூட இருக்கான். இருக்கார். டா போடக் கூடாது, நாலாவது விதி. பாருங்க, அந்தச் சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்.

விதியைப் படிச்சுட்டீங்களா? ஒண்ணு, கத்தல் கடைசி. ரெண்டு, எல்லாருக்கும் ஸ்டூல். மூணு, ஃபிளாஸ்க்ல வெந்நீர். நாலு, டா டி கிடையாது. அஞ்சு, மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓய்வு. ஆறு, தொண்டை கட்டினா டாக்டர் விலாசம் கொடுத்து அனுப்பணும், திட்டி அனுப்பக் கூடாது. ஏழு, விதியை யார் மீறினாலும், ஆர்ட்டிஸ்டோ இன்சார்ஜோ, அவங்க பேரு ஃபிளாஸ்க் பக்கத்துல இருக்கிற கரும்பலகையில ஒரு வாரம் இருக்கும். டீ குடிக்க வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க.

போன வருஷம் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டாங்க. கலைத்துறையில அன்பான பணியிடம்னு தலைப்பு. பொன்னாடை போட்டு, இத்தனை அன்பு உங்களுக்கு எங்கிருந்து வந்ததுன்னு மைக்ல கேட்டாங்க. நான் சும்மா சிரிச்சேன். அன்பாவது ஒண்ணாவது. ஒரு ஆள் மேல இருந்த வெறுப்புல எழுதினேன் மேடம். ஒவ்வொரு விதிக்கும் பின்னாடி அந்த ஆள் நிக்கிறான்.

வேதாசலம். அதான் பேரு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சாலிகிராமத்துல டப்பிங் இன்சார்ஜ்னா வேதாசலம்தான். யாரு பேசணும், யாரு பேசக் கூடாது, யாரு வீட்டுக்குப் போகணும், எல்லாம் அவன் வாய்தான். நான் அப்பக் கூட்டத்துல பேசறவ. கல்யாண சீன்ல பின்னாடி கசகசன்னு ஒரு சத்தம் கேட்குமே, அதுல நானும் ஒருத்தி. இருபத்தஞ்சு வயசு. என் குரல் அப்ப எப்படி இருந்ததுன்னு இப்ப உங்களுக்கு என்னால நிரூபிக்க முடியாது. நல்லா இருந்தது. அவ்வளவுதான் சொல்லுவேன்.

அந்தக் குரலை ஒரு புது டைரக்டர் கூட்டத்துக்கு நடுவுல கேட்டுக் கண்டுபிடிச்சார். அவர் படத்துக் கதாநாயகி பம்பாய்ப் பொண்ணு, தமிழ்ல ஒரு வார்த்தை வராது. இந்தப் பொண்ணு பேசட்டும்னு என்னைக் காட்டினார். முழுப் படம். கதாநாயகி. வெள்ளிக்கிழமை காலையில வந்து நாலு சீன் பேசிக் காட்டு, சரியா இருந்தா உனக்குத்தான்னு சொன்னார். நான் எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல, கண்ணு பட்டுடும்னு.

வியாழக்கிழமை என்ன நடந்துச்சு தெரியுமா? சரோஜினின்னு என்கூடப் பேசறவ, ஏழு மாசக் கர்ப்பம். காலையில ஒன்பதுல இருந்து நின்னுட்டிருக்கா. அப்பல்லாம் ஒரே மைக், சுத்தி நாலு பேரு நிக்கணும். துண்டு ஃபிலிம் சுத்திச் சுத்தி ஓடிட்டே இருக்கும், அதுக்குப் பேசிட்டே இருக்கணும். அவ கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. நான்தான் கேட்டேன், சார், இவளுக்கு ஒரு ஸ்டூல் கொடுங்கன்னு. ஒரு ஸ்டூல், மேடம். சிம்மாசனமா கேட்டேன்?

"இது என்ன கல்யாண வீடாடி, நாற்காலி போட்டு உபசரிக்க?" அப்படின்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அதுல சரோஜினியும் சிரிச்சா, பயத்துல. நான் சிரிக்கல. அதை அவன் பார்த்துட்டான்.

இப்ப ஒரு விஷயம் நீங்க புரிஞ்சுக்கணும். எங்க தொழில்ல எங்கயும் எழுதி வைக்காத ஒரு பழக்கம் இருந்தது. காலையில வசனம், மத்தியானம் அழுகை, கத்தல் எல்லாத்துக்கும் கடைசி. கத்தினா தொண்டை போயிடும், அப்புறம் வசனம் பேச முடியாது. அதனால கத்திட்டு நேரா வீட்டுக்குப் போய் வாயை மூடிட்டுப் படுத்துக்கணும். எப்பேர்ப்பட்ட ராட்சசனும் இந்த வரிசையை மாத்த மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில மாத்தினான். டைரக்டர் வர பதினொரு மணி ஆகும். ஒன்பது மணிக்கு வேற ஒரு படத்தை ஏத்தினான். அணை உடைஞ்சு ஊருக்குள்ள வெள்ளம் வருது, நூறு பொம்பளைங்க கத்தணும். அங்க இருந்தது நாலு பேரு. "ஸ்டூல் கேட்டவ முன்னாடி வா" அப்படின்னான். கத்தினேன். பத்தல, இன்னொண்ணுன்னான். கத்தினேன். உயிருக்குப் பயந்து கத்தற மாதிரி இல்ல, இன்னொண்ணு. ரெண்டு மணி நேரம். தண்ணி கேட்டேன், குடிச்சா வாய்ல சளசளன்னு மைக்ல விழும்னான். பதினொரு மணிக்கு டைரக்டர் வந்தார். மூணு வரி பேசினேன். நாலாவது வரியில குரல் கிழிஞ்சுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வேண்டாம்னு தலையாட்டினதைப் பார்த்தேன். அதான் உங்களைத் தலையாட்டாதீங்கன்னு சொன்னேன், எனக்குப் பிடிக்காது.

தொண்டையில முடிச்சு விழுந்திருக்கு, ஆறு வாரம் பேசக் கூடாதுன்னார் டாக்டர். ஆறு வாரம் பேசாம இருந்தேன். திரும்பி வந்தது இந்தக் குரல். இதை வச்சு என்ன பேசுறது? பேய். இருபது வருஷம் பேய்க்குப் பேசினேன் மேடம். சூனியக்காரி, வில்லனோட அம்மா, புதைகுழியில இருந்து எழுந்து வர்றவ. நீங்க சின்ன வயசுல டிவியைப் பார்த்துப் பயந்திருந்தீங்கன்னா அது நானாத்தான் இருக்கும். உங்களையும் அழ வச்சிருக்கேனா? பார்த்தீங்களா.

அப்புறம் இந்தத் தியேட்டர் வந்தது. வேற மொழி சீரியலை எல்லாம் தமிழ்ல மாத்தற இடம். இன்சார்ஜா இருக்கீங்களான்னு முதலாளி கேட்டார். என் விதிப்படி நடக்கும்னா இருக்கேன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே உட்கார்ந்து ஏழையும் எழுதினேன், ஒரே மூச்சுல. அவன் எனக்கு என்ன செஞ்சானோ அதை எல்லாம் தலைகீழா எழுதினேன். அந்தக் கரும்பலகையை எதுக்கு வாங்கினேன்னு நினைக்கிறீங்க? ஒரு நாள் வேலை கேட்டு இங்க வருவான், வயசான காலத்துல வாய் அடங்குமா, யாரையாவது வாடி போடின்னு கூப்பிடுவான், உடனே வேதாசலம்னு கொட்டை எழுத்துல எழுதணும். அந்த ஒரு பேருக்காக வாங்கின பலகை அது. அவன் வரவே இல்ல. ரிட்டயர் ஆகி, பால்கனியில ரோஜாச் செடி வளர்க்கிறான்னு கேள்விப்பட்டேன். ரோஜாச் செடி!

ஆனா அவன் பொண்ணு வந்தா.

ஆறு மாசத்துக்கு முன்னாடி. வாய்ஸ் டெஸ்ட்டுக்கு. நாலு வரிதான் பேசினா, ஜெரால்டு திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு குரல். பாத்திரத்துல தண்ணி ஊத்தற மாதிரி, தங்கு தடையில்லாம. நான் பாரத்தைப் பார்த்தேன். வே. தாரணி. வேன்னா என்னம்மான்னு கேட்டேன். "வேதாசலம் மேடம். அப்பாவும் இதே தொழில்தான், டப்பிங் இன்சார்ஜா இருந்தார்." வெந்நீர் குடிக்கிறியாம்மான்னு கேட்டேன்.

முகத்துல ஒண்ணும் காட்டல மேடம். சேர்த்துக்கிட்டேன், நல்லாத்தான் நடத்தினேன். ஒரு நாள் பத்து நிமிஷ ஓய்வு முடிஞ்சு நாலு நிமிஷம் லேட்டா வந்தா, அஞ்சாவது விதின்னு பலகையில எழுதினேன். எல்லாருக்கும் பேரு மட்டும் எழுதுவேன். அவளுக்கு மட்டும் "வேதாசலம் மகள் தாரணி"ன்னு முழுசா எழுதினேன். ஒரு வாரம் அதைப் பார்த்துட்டே டீ குடிச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த வாரம் சர்க்கரை போடாத டீயே இனிச்சுது.

ஆனா அது பத்துமா? நான் இழந்தது என்ன, நாலு நிமிஷமா? ஒருத்தர்கிட்ட இருந்து பறிக்கணும்னா முதல்ல அவங்க கையில ஏதாவது இருக்கணும். அதனால கொடுத்தேன். இருநூறு எபிசோடு சீரியல், கதாநாயகி குரல், தாரணிக்குன்னு எழுதினேன். சேனல்ல இருந்து ஆளுங்க வந்து குரலைக் கேட்டு ஒத்துக்கணும். வர்ற நாள் வெள்ளிக்கிழமைன்னு நான்தான் போட்டேன். மத்தியானம் ரெண்டு மணி.

காலையில ஒன்பது மணிக்கு வேற சீரியலை ஏத்தச் சொன்னேன். தீப்பிடிக்கிற சீன். மாடியில மாட்டிக்கிட்ட பொண்ணு கத்தணும்.

அவ சுவத்தைப் பார்த்தா. "மேடம், கத்தல் கடைசின்னு..." அப்படின்னு இழுத்தா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தாம்மான்னேன். சரிங்க மேடம்னு போய் மைக் முன்னாடி நின்னா. ஸ்டூல்ல உட்காருங்கம்மான்னேன். ஆமா மேடம், ஸ்டூல் கொடுத்தேன். ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் வச்சேன். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து ஓய்வு கொடுத்தேன். வாங்க போங்கன்னுதான் பேசினேன். ஸ்டூல் கொடுத்து, வெந்நீர் கொடுத்து, ஓய்வு கொடுத்து, மரியாதை கொடுத்து கத்த வச்சேன். இன்னொண்ணு எடுப்போமா தாரணி, தப்பா நினைக்காதீங்க, இன்னொண்ணு. முப்பத்தோரு டேக். ஏழு விதியில ஆறை அப்படியே காப்பாத்தியிருக்கேன், இதை நீங்க கணக்குல எடுத்துக்கணும். வேதாசலம் ஒண்ணையாவது காப்பாத்தினானா?

நடுவுல ஜெரால்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து, மைக் அறைக்குள்ள எங்களுக்குக் கேட்கிற டாக்பேக் ஸ்பீக்கர்ல சொன்னான், மேடம், இதை மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாமேன்னு. அவன் குரல் வர்ற சுவிட்சை அணைச்சேன்.

ரெண்டு மணிக்கு சேனல்காரங்க வந்தாங்க. அஞ்சு வரி பேசினா. என்னைவிட ரெண்டு வரி கூடவே தாங்கினா, ஒத்துக்கிறேன். ஆறாவது வரியில கிழிஞ்சுது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் நின்னது அந்தப் பக்கம், இப்ப இந்தப் பக்கம். வேண்டாம்னு தலையாட்ட வேண்டியது நான்தான். ஆட்டினேன்.

அவ அழுதிருந்தா எனக்கு நிறைவா இருந்திருக்கும். அழல. தேங்க்ஸ் மேடம்னு, சத்தமே வராம உதட்டை மட்டும் அசைச்சுட்டுப் போனா. மறுநாள் கழுத்துல துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு வந்தா, கையில டாக்டர் சீட்டு. நான் கொடுத்த விலாசம்தான், ஆறாவது விதிப்படி. ஆறு வாரம் பேசக் கூடாதாம். ஒரு நோட்டுல எழுதிக் காட்டினா, ஆறு வாரம் கழிச்சு வரலாமான்னு. வாம்மான்னேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டேன். எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல. என்ன, அதுக்கப்புறம் அந்த மைக் இருக்கிற அறைக்குள்ள நான் போகல. வேலை இல்ல, அதனால போகல. வேற ஒண்ணும் இல்ல.

இப்ப அவ புகார் எழுதியிருக்கா. எழுதட்டும். அவ அப்பன் சொல்லித்தான் எழுதியிருப்பா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் புகார் எழுத ஒரு சங்கம் இருந்ததா, ஒரு குழு இருந்ததா, உங்களை மாதிரி ஸ்டூல்ல உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்ததா?

என்னது? அவ இல்லையா?

அப்ப யாரு?

ஜெரால்டா?

ம். அதான் காலையில இருந்து முகத்தைப் பார்க்காமத் திரியறான். சரி. சுவிட்சை அணைச்சா வேற வழியில பேசுவான்னு எனக்குத் தோணாமப் போச்சு. இருக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன சொன்னா? கடுதாசியா? கொடுங்க. நானே படிக்கிறேன், என் கண்ணாடி அந்த மேஜை மேல இருக்கு பாருங்க.

"என் பெயர் தாரணி. பேசக் கூடாது என்பதால் எழுதித் தருகிறேன். எனக்கு யார் மேலும் புகார் இல்லை. இந்தத் தியேட்டருக்கு என்னை அனுப்பியது அப்பா. வேறு எங்கும் போகாதே, லீலா அம்மாவிடம் போ, அங்கேதான் கத்தலைக் கடைசியில் எடுப்பார்கள், உன் குரலுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அந்த விதி என்னால் வந்ததுதான் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அன்று வேலை நெருக்கடியில் மேடம் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆறு வாரம் கழித்து அங்கேயே வேலை செய்ய விரும்புகிறேன்."

என்னால் வந்ததுதான். பாருங்க மேடம், அதுலயும் பேரு எடுத்துக்கிறான் பாருங்க! நான் எழுதின விதி, நான் போட்ட ஃப்ரேம், அதுல அவனுக்குப் பங்காம்.

இல்ல, இருங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு என்ன செஞ்சான்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் பொண்ணை என்கிட்ட அனுப்பியிருக்கான். உன் குரலுக்கு ஒன்றும் ஆகாதுன்னு சொல்லி. மன்னிப்புக் கேட்க வாய் வரல, பொண்ணை அனுப்பியிருக்கான். எவ்வளவு திண்ணக்கம் பாருங்க. இப்படி ஒரு நம்பிக்கையை என் தலையில கட்டச் சொல்லி நானா கேட்டேன்? எனக்கு வேண்டாம் மேடம் அது. இந்தாங்க, கடுதாசியைப் பிடிங்க.

தண்ணி வேண்டாம். ஒண்ணும் இல்ல. குரல் எப்பவும் இப்படித்தான்.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க. மறதின்னு எழுதிக்கலாமா? வேலை நெருக்கடியில மறந்துட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டா, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சுடுவீங்களா? வேலை போகாதா? அந்தப் பொண்ணே அப்படித்தான் எழுதியிருக்கா, சங்கமும் ஒத்துக்கும். நல்ல யோசனைதான். உங்களுக்கு நல்ல மனசு.

மறதியா, மேடம்?

முப்பது வருஷம் ஒரு நாள் மறக்காம இருந்திருக்கேன். பேய்க்குக் கத்தும்போதெல்லாம் அவன் முகத்தை நினைச்சுத்தான் கத்துவேன். அவன் பொண்ணு வந்ததுல இருந்து ஆறு மாசம், நாள் குறிச்சு, நேரம் குறிச்சு, எந்த சீன்னு நானே பொறுக்கி எடுத்துச் செஞ்சிருக்கேன். அதைப் போய் மறதின்னு எழுதுவீங்களா? ஞாபகமில்லாத கிழவி தெரியாம செஞ்சுட்டான்னு அவனும் நினைச்சுட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பானா? முடியாது. எழுதுங்க. மறக்கல. தெரிஞ்சே செஞ்சேன். ஒண்ணாவது விதியை எழுதினவளே தெரிஞ்சே மீறினா. போன் ஓடுதா? நல்லா பதியட்டும். வேலை போனாப் போகட்டும்.

எங்க போறீங்க, உட்காருங்க, ஒரு நிமிஷம்தான். நான்தான் எழுந்திருக்கணும்.

டேய்... ஜெரால்டு சார், சாக்பீஸ் எங்க இருக்கு? கொடுங்க. உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. இப்ப இல்ல, அப்புறம் பேசிக்கலாம்.

இதோ. புஷ்பலீலா. இன்சார்ஜ். விதி ஒண்ணு. தெரிஞ்சே. எழுத்து கோணலா இருக்கு, பரவாயில்ல, படிக்க முடியுதுல்ல? நீங்களும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க மேடம், உங்க ஃபைலுக்கு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் போனை அணைச்சுடலாம். எனக்கு அப்புறம் இங்க யாரு இன்சார்ஜா வந்தாலும் அந்தப் பொண்ணுக்குக் கத்தல் கடைசியிலதான். ஜெரால்டு, உங்ககிட்டத்தான் சொல்றேன், அதை நீங்க பார்த்துக்கணும். பலகையில பேரு ஒரு வாரம்தான் இருக்கும், அதுக்கப்புறம் அழிக்கணும்னு விதி. என் பேரை மட்டும் அழிக்காதீங்க. ஆறு வாரம் இருக்கட்டும். அவ திரும்பி வந்து டீ எடுக்கும்போது படிக்கணும். படிச்சுட்டு நேரா வீட்டுக்குப் போய், குரல் வந்த வாயால, முதல் வேலையா அவங்க அப்பாகிட்டச் சொல்லணும்.